லிங்கதுரையின் பங்காளிகள்

லிங்கதுரையின் கணுக்கால் மடங்கியபோது அரங்கத்தில் ஆறாயிரம் பேர் ஒரே நேரத்தில் "ஸ்ஸ்..." என்றார்கள். லிங்கதுரைக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரணிக்காரன் பிடித்திருந்த காலை உதறி, நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு எழுந்து, சத்தம் வந்த பக்கம் பார்த்தான். முன்வரிசையில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தன் வலது கணுக்காலைத் தேய்த்தபடி அவனைப் பார்த்துச் சிரித்தார். அப்படியானால் வலது கணுக்கால்தான் என்று தெரிந்துகொண்டு, ஓரத்தில் நின்ற அணி மருத்துவர் ஷெர்லினிடம் அந்தக் காலை நீட்டினான்.

"வலிக்குதா?" என்று ஷெர்லின் கேட்கவில்லை. தூத்துக்குடி கபடி அணியில் அந்தக் கேள்வி வழக்கொழிந்து நான்கு மாதமாகிறது. அவள் கைப்பலகையைப் பார்த்தாள்.

"தலைக்கு முக்கால் நோவு. ஒண்ணுமில்ல, உள்ள போங்க."

போனான். அன்று தனியாளாகப் பதினாறு புள்ளி எடுத்தான்.

அந்தக் கருவிக்கு வலிபகிர்வி என்று பெயர். பிடரியில், தோலுக்கடியில், ஓர் அரிசிமணி அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு ஏறும் வலியை வழியிலேயே மறித்து வெளியே அனுப்பிவிடும். வலியை அழித்துவிடலாம் என்று ஐம்பது ஆண்டுகள் முயன்றவர்கள் கடைசியில் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தார்கள்: எங்காவது ஒரு மூளை அதை வாங்கிக்கொண்டாக வேண்டும், யாரும் வாங்காவிட்டால் உரியவனிடமே திரும்பி வந்துவிடும். வாங்கிக்கொள்ள ரசிகர்கள் இருந்தார்கள். பிடரியில் ஒரு சில்லை ஒட்டிக்கொண்டு, பிடித்த வீரனின் பெயரைப் பதிந்துவிட்டால் போதும். வலி எல்லோருக்கும் சமமாகப் பிரியும், அதே உறுப்பில், எறும்பு கடித்த மாதிரி. அந்த எறும்புக்கடிதான் ஒரு நோவு. தலைக்கு ஒரு நோவைத் தாண்டினால் வீரனை வெளியே உட்காரவைக்க வேண்டும் என்பது விதி.

நிர்வாகம் அவர்களுக்கு 'வலிப்பங்களிப்பாளர்' என்று பெயர் வைத்தது. ஊர் அதைச் சுருக்கிப் பங்காளி என்றது. அதுவரை சொத்தில் பங்கு கேட்டு வருகிறவனுக்குத்தான் அந்தப் பெயர்.

சோதனை முயற்சியாக அந்த ஆண்டு ஓர் அணிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. சீட்டு எடுத்ததில் தூத்துக்குடியின் பெயர் வந்தது. பன்னிரண்டு அணிகளில் போன தொடரில் பன்னிரண்டாவதாக வந்த அணி. இந்த முறை பதினான்கு ஆட்டங்களில் பன்னிரண்டை வென்றது. வலி போனதைவிட, வலிக்குமோ என்ற நினைப்பு போனதுதான் பெரிது. நான்கு பேர் காத்து நிற்கும் மூலைக்குள் லிங்கதுரை ஏதோ தன் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தான். ஒவ்வொரு வெற்றிக்கும் பங்காளிகள் பெருகினார்கள். பதினோராயிரத்தில் தொடங்கியவனுக்கு, இறுதிப்போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர்.

அவர்கள் என்னதான் உணர்கிறார்கள் என்று அறிய அவனுக்கு ஆசை. நிர்வாகம் துறைமுக உணவகத்தில் பங்காளிகள் சந்திப்பு ஒன்றை ஏற்பாடு செய்தபோது, கையெழுத்து வாங்கக் கூட்டம் நெருக்கியடித்தது. அதற்குள்ளும் அவன் ஒரு பெண்மணியிடம் நின்றுவிட்டான். அவள் வாங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவன் இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்சியா என்று பெயர், துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவள். ஐம்பது வயதிருக்கும்.

"அக்கா, எங்க வலி உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"காலைல அஞ்சே முக்காலுக்கு இந்த முட்டி ஒரு கடி கடிக்கும், தம்பி. சரி, பய எந்திரிச்சிட்டான்னு நெனச்சுக்கிடுவேன். படி எறங்கும்போது ரெண்டாவது கடி. உங்க வீட்ல பதினாலு படி இருக்குமோ?"

லிங்கதுரை மனதுக்குள் எண்ணினான். பதினான்கு படிதான். அவன் படியிறங்கும்போது அவன் முழங்கால் வலிக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.

"எத்தன நாளா?"

"மூணு மாசமா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். மொதல்ல பதினோராயிரம் பேரு இருந்தோம்; முக்கால் நோவு. இப்ப லட்சத்துக்கு மேல. அதே முக்கால் நோவு. நாலு கயித்துல தூக்குன சரக்க நாப்பது கயித்துல தூக்குனா ஒரு கயித்துக்குப் பாரம் கொறையணும்லா? கொறையலன்னா என்ன அர்த்தம்?"

"சரக்கு கூடியிருக்கு," என்றான் லிங்கதுரை மெதுவாக.

"பத்து மடங்கு கூடியிருக்கு," என்றாள் பெல்சியா. "அத யாராச்சும் பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. ஷெர்லினின் கைப்பலகை தலைக்கு எவ்வளவு என்பதை மட்டுமே காட்டும். விதி அதைத்தான் கேட்டது. அன்று மாலை எடுத்த படத்தில் இடது முழங்காலின் உள்தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. ஷெர்லின் கைப்பலகையைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் நம்பரப் பாத்தேன் லிங்கதுரை, உங்களப் பாக்கல. தப்பு என் மேல. இறுதிப்போட்டி வேண்டாம்."

"ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டுங்க டாக்டர். என்னதுதான்னு பாத்துக்கிடுதேன்."

கருவியை நிறுத்தவும் இயக்கவும் ஒரு சிறு கோலால் பிடரியைத் தொட வேண்டும். அவள் தொட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முழங்காலுக்குள் யாரோ கதவைத் திறந்ததுபோல வந்தது. நான்கு மாதமாகப் பார்க்காத ஒன்று. அவனை நன்றாக அடையாளம் தெரிந்து வைத்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். நாற்பதாவது வினாடியில், "போடுங்க... போடுங்க," என்றான்.

வலி போனதும் கைப்பேசி சிணுங்கியது. பெல்சியா; சந்திப்பில் அவன்தான் எண் கொடுத்திருந்தான். "தம்பி, முட்டி திடீர்னு அமைதியாயிட்டு. பதறிட்டேன். நல்லா இருக்கியால்லா?"

அவன் ஆட முடிவு செய்தான். ஷெர்லின் வாதாடினாள், பயிற்சியாளர் தடுக்கவில்லை. கடைசி இடத்திலிருந்து வந்த அணிக்கு இன்னும் ஒரே ஓர் ஆட்டம், காலோ வலிக்கவேயில்லை. வலிக்காத காலைக் காரணம் காட்டி உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. இடது முழங்கால் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று பங்காளிகள் எல்லோருக்கும் நிர்வாகம் செய்தி அனுப்பியது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் மூன்று நாள் அந்த ரகசியத்தைக் காத்தார்கள். மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் இருந்தார்கள்.

இறுதிப்போட்டி மதுரையில், சேலம் அணியோடு. லிங்கதுரை முதல் ரெய்டுக்குப் போனான். ஒருவனைத் தொட்டு, பாய்ந்தவனின் தலைக்கு மேலே தாண்டி, இடது காலில் இறங்கினான்.

அரங்கத்தில் பாதிப்பேர் குனிந்து இடது முழங்காலைப் பிடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எதையோ கீழே தவறவிட்டுத் தேடுகிறவர்களைப் போல இருந்தது. வாயைக் காத்தவர்களால் கையைக் காக்க முடியவில்லை.

சேலம் அணித்தலைவன் வையாபுரி மேலே பார்த்தான். பிறகு லிங்கதுரையின் காலைப் பார்த்தான். தன் ஆட்களிடம் இடது தொடையைத் தட்டிக் காட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாப் பிடிகளும் இடது முழங்காலுக்கே வந்தன. ஷெர்லினின் கைப்பலகையில் நோவு ஒன்றைத் தொட்டது, தாண்டவில்லை. பங்காளிகளுக்கும் புரிந்துவிட்டது. கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார்கள், துண்டைக் கடித்தார்கள், ஒருவர் மடியில் ஒருவர் முகம் புதைத்தார்கள். முகம் புதைப்பதும் செய்திதான். வையாபுரி லிங்கதுரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். கூட்டத்தைப் பார்த்தே எந்தக் கணத்தில் அந்தக் கால் தளரும் என்று தெரிந்துகொண்டான். மற்றவர்கள் சேர்த்திருந்த எட்டுப் புள்ளி முன்னிலை கரைந்து, முப்பத்து மூன்றுக்கு முப்பத்து நான்கு என்று தூத்துக்குடி பின்தங்கியது. ஒரு ரெய்டுதான் மிச்சம். பயிற்சியாளர் இடைவேளை கேட்டார்.

லிங்கதுரை ஷெர்லின் முன்னால் பிடரியைக் காட்டிக் குனிந்தான்.

"நிறுத்துங்க டாக்டர்."

"விளையாடுதீங்களா? முப்பது செகண்ட் ரெய்டு. நாப்பது செகண்டுக்கு என்ன பாடு பட்டீங்க!"

"அவன் என்னையப் பாக்கல. இவங்களப் பாக்கான். இவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஷெர்லின் கோலால் அவன் பிடரியைத் தொட்டாள். வலி ஏறியது. அரங்கம் முழுவதும் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. ஆட்கள் நிமிர்ந்தார்கள், வியப்போடு காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்கள்.

லிங்கதுரை "கபடி, கபடி" என்று பாடியபடி கோட்டைத் தாண்டினான். வையாபுரி மேலே பார்த்தான். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் லிங்கதுரையின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் வலது காலை ஊன்றும்போது மட்டும் லேசாகச் சுருங்கியது. இடது காலை ஊன்றும்போது, அதாவது ஒவ்வொரு முறையும் கண்ணுக்குள் வெள்ளையாக மின்னல் அடித்தபோது, அமைதியாக இருந்தது. பழைய வித்தை, கருவி வருவதற்கு முன் எல்லா ஆட்டக்காரர்களும் தெரிந்து வைத்திருந்தது.

வையாபுரி நம்பினான். அவனும் இன்னொருவனும் வலது கணுக்காலுக்குப் பாய்ந்தார்கள். இருவர் கையும் பட்டதும் லிங்கதுரை இடது காலை உதைத்து எம்பினான். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. விரல்நுனி நடுக்கோட்டுக்கு அப்பால் விழுந்தது.

முப்பத்தைந்து, முப்பத்து நான்கு.

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அலறினான். பெருந்திரையில் அந்தத் திறந்த வாய் வெற்றி முழக்கமாகத் தெரிந்தது. கூட்டமும் சேர்ந்து முழங்கியது. நான்கு மாதமாக வலி என்றால் என்னவென்று மறந்திருந்த அணித்தோழர்கள் ஓடிவந்து அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். ஷெர்லின் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர்கள் முதுகுகளுக்குப் பின்னால் முட்டிமோதினாள். "வலிக்கி... விடுங்கல, வலிக்கி!" என்று லிங்கதுரை கத்தியது பட்டாசுச் சத்தத்தில் போய்விட்டது. முன்வரிசையில் பெல்சியா இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள்.

தோற்றுத் தரையில் கிடந்த வையாபுரிதான் முதலில் எழுந்தான். அவன் எந்தச் சில்லும் ஒட்டாதவன். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கினான்.

"எறக்குங்கய்யா அவர! மொகத்தப் பாருங்கய்யா, மனுசன் மொகத்தப் பாருங்க!"

மாடங்களில் இருந்தவர்கள் அந்தத் தள்ளுமுள்ளைக் கண்டு ஒரு கணம் தயங்கினார்கள். பலர் தங்கள் இடது முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், இன்னும் உரக்கக் கைதட்டினார்கள்.