கட்டைவிரல் காட்டும் வரை

"ஹலோ... என்னங்க பண்றீங்க!"

அன்பரசு போட்ட சத்தத்தில் பிச்சாவரம் படகுத்துறையில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் அவனுடைய லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, கொக்கியைக் கழற்றி, வாரை இறுக்கி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவன் தோளில் டப் டப் என்று இரண்டு தட்டு. பிறகும் வாரை விடவில்லை. மழைக்கு முந்தின வானம்போல் கருகருவென்ற கண்கள்... அந்தக் கண்களால் அவனையே பார்த்தபடி நின்றாள்.

எதற்கு நிற்கிறாள்? டிக்கெட் கேட்கிறாளோ?

"கட்டைவிரலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க, விடுறேன்."

காட்டினான். விட்டாள். விட்ட பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. காது மடல் வரை சூடேறியது.

"யக்கா... இவரு உன் பைலட்டு இல்லக்கா!" என்று தங்கை அனுப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாரிங்க... பழக்க தோஷம்," என்றாள் இலக்கியா. "கொக்கி தலைகீழா மாட்டியிருந்துச்சு."

"நான் கடலூர் முதுநகர்க்காரங்க. எனக்கு நீச்சல் தெரியும்."

"தண்ணிக்கு அது தெரியாதுல்ல?"

வாயாடி என்று நினைத்தான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

தனியாக வந்தவனைப் படகோட்டி கோவிந்தசாமி அந்த இரண்டு பெண்களோடு சேர்த்தே ஏற்றிவிட்டார். அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்தது. இருபுறமும் வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நின்றன. அனுப்பிரியா செல்ஃபி எடுத்துத் தள்ளினாள். இலக்கியாவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. ஃபோனை எடுப்பதும், மணி பார்ப்பதும், சிக்னல் இல்லை என்று உதட்டைக் கடிப்பதும், பைக்குள் போடுவதும், மறுபடி எடுப்பதும்...

"யாராவது ஃபோன் பண்ணணுங்களா?" என்றான் மெதுவாக.

"இல்ல... நான்தான் பண்ணணும். பண்ணலாமா வேணாமான்னு தெரியல."

"அக்கா ஏர்ஃபோர்ஸ்ல இருக்கா," என்றாள் தங்கை பெருமையாக. "பைலட்டுக்கு மாஸ்க், பாராசூட்டு எல்லாம் இவதான் செக் பண்ணுவா. செக் பண்ணிட்டு ரெண்டு தட்டு தட்டுவா. பைலட்டு கட்டைவிரலைக் காட்டுற வரைக்கும் கைய எடுக்க மாட்டா. இன்னிக்குக் காலையிலதான் லீவுல வந்தா... வந்ததுலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி இருக்கா."

தெரியாதவனிடம் சில சமயம் மனம் சீக்கிரம் திறந்துகொள்கிறது. இலக்கியா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாப்பதாயிரம் அடியில காத்து ரொம்ப மெலிசு. மாஸ்க்குக் குழாய் கொஞ்சம் லூஸா இருந்தாப் போதும்... மூச்சு முட்டாது. அதான் பயமே. சிரிப்பு சிரிப்பா வரும். ரொம்ப நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். அப்பறம்... தூக்கம்."

"ம்..."

"நேத்து ஒரு மாஸ்க்க செக் பண்ணிட்டு இருந்தேன். லிஸ்ட்ல மூணாவது அயிட்டத்துல இருக்கும்போது லீவு பாஸ் வாங்கிக்கன்னு கூப்ட்டாங்க. பாதியில எழுந்து போனா, திரும்பி வந்து ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். அதான் எங்க வழக்கம். ஆரம்பிச்சேனா... மூணுலேர்ந்தே போனேனா... ஞாபகம் வரலங்க. கையெழுத்து போட்டது மட்டும் ஞாபகம் இருக்கு." குரல் உடைந்தது. "அந்த மாஸ்க்க மாட்டிக்கிட்டு இன்னிக்கு நாலு மணிக்கு ஒருத்தர் மேல போறாரு."

"சொல்லிடுங்க."

"சொன்னா ஃபைல்ல எழுதுவாங்க. எங்கள நாலு வருஷத்துக்குத்தான் எடுத்திருக்காங்க. அது முடிஞ்சா நாலு பேர்ல ஒருத்தரத்தான் வெச்சுக்குவாங்க. பேர் கெட்டுச்சுன்னா அவ்ளோதான், வீட்டுக்கு வந்துட வேண்டியதுதான்."

மணி மூன்று பத்து. அன்பரசு எழுந்தேவிட்டான். படகு ஆடியது.

"அண்ணே, படகத் திருப்புங்க."

"யாரக் கேட்டுத் திருப்பச் சொல்றீங்க?" இலக்கியா சீறினாள். "எனக்கு வேல போனா நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?"

"முடியாதுங்க." அவன் குரல் அடங்கியது. "நான் சிப்காட்ல ஒரு கம்பெனியில இருக்கேன். தொட்டி கழுவ இறங்கறவங்களுக்கு மூச்சுக்கருவி செக் பண்றதுதான் வேல. ரெண்டு வருஷம் முன்ன எனக்கும் இதே சந்தேகம் வந்துச்சு. வெளிய சொன்னா அசிங்கம்னு கம்முனு இருந்துட்டேன். இளவரசுன்னு ஒருத்தன்... உள்ள மயங்கி விழுந்துட்டான். பொழைச்சுட்டான். இன்னிக்கும் என்னைப் பாத்தா மச்சான்னுதான் கூப்புடுறான். அதத்தாங்க என்னால தாங்க முடியல."

அவன் உட்கார்ந்தான். படகின் ஆட்டம் நின்றது.

"உங்க வேல போகலாம், போகாமயும் இருக்கலாம். ஆனா நாலு மணிக்கு மேல நீங்க தூங்கணும்ல?"

இலக்கியா ஃபோனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். கோவிந்தசாமி அவள் முகத்தைப் பார்த்தார், படகைத் திருப்பினார்.

கரையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. அங்கும் ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை. பஸ் வர அரை மணி ஆகும். "கிள்ளை போனா டவர் கெடைக்கும், ஏறுங்க," என்று அன்பரசு பைக்கை உதைத்தான். காது மூடாத ஒரே ஒரு அரை ஹெல்மெட்தான் இருந்தது; அதை அவள் தலையில் கவிழ்த்தான். "போக்கா! நான் பஸ்ல வரேன்!" என்று அனுப்பிரியா முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

கிள்ளையில் ஒரு டீக்கடைத் தாழ்வாரம். மூன்று நாற்பதுக்கு லைன் கிடைத்தது. அவள் இந்தியில் படபடவென்று பேசினாள். பிறகு காத்திருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளி, மழையிலேயே நின்றான். கூரைக்குள் வரச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நாலு மணி தாண்டியது. நாலு பத்து... நாலு இருபது...

ஃபோன் அடித்தது. கேட்டாள். வைத்தாள்.

"மாஸ்க் சரியாத்தான் இருந்துச்சாம்."

"அப்பாடா!"

"என்ன அப்பாடா? என்னால விமானம் லேட்டு. லீவு கேன்சல். நாளைக்கே வந்து விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க... என்னைச் சொல்லணும்!"

சொல்லிவிட்டுப் பொலபொலவென்று அழுதாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்தது. ஜன்னலில் அனுப்பிரியா. இலக்கியா திரும்பிப் பாராமல் ஏறிவிட்டாள். சிதம்பரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. கீழவீதியில் இறங்கும்போதுதான் புரிந்தது... தலையில் அவன் ஹெல்மெட்.

அன்றைக்கு ஏழு மணிக்கே படுத்தாள். முந்தின இரவு பஸ்ஸில் ஒரு பொட்டுக்கூட வராத தூக்கம் அடித்துப்போட்டதுபோல் வந்தது. விடிந்து கண் விழித்தபோது, எதனால் இப்படித் தூங்க முடிந்தது என்று யோசித்தாள். யோசித்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. திட்டியிருக்க வேண்டாம்... மழையில் நிற்க வைத்திருக்கவும் வேண்டாம்.

ஹெல்மெட்டுக்குள் பேர், ரத்த வகை, ஃபோன் நம்பர் மூன்றும் மார்க்கரில் எழுதியிருந்தன. நம்மைப் போல ஒரு பைத்தியம் என்று சிரித்துக்கொண்டாள். நம்பரைப் பாதி அழுத்தி அழித்தாள். "குடுக்கா இப்படி!" என்று அனுப்பிரியா பிடுங்கி அழுத்தினாள்.

ரயில் வரப் பத்து நிமிடம் இருக்கும்போது சிதம்பரம் ஸ்டேஷனுக்குள் அவன் ஓடி வந்தான். தங்கை தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று நழுவினாள். அவள் தூக்கிப் போன அக்காவின் பையில் ஏற்கனவே இரண்டு பாட்டில்கள் இருந்தன.

"நேத்து... நான் நல்லா தூங்கினேன்," என்றாள். மன்னிப்பை அவளுக்கு அப்படித்தான் கேட்கத் தெரிந்தது.

"நான் தூங்கல," என்றான் அவன்.

"ஏன்?"

"அஞ்சு வருஷமா அடுத்தவங்களுக்கு நான்தாங்க மாட்டி விடுறேன். என்னை யாரும் செக் பண்ணதே இல்ல. நேத்து நீங்க தோள்ல தட்டுனீங்க பாருங்க..." நிறுத்தினான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க."

ஒலிபெருக்கி என்னவோ சொன்னது. அவள் காதில் விழவில்லை.

"சர்வீஸ் முடியற வரைக்கும் கல்யாணம் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க," என்றாள் தரையைப் பார்த்து. "இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அதுக்குள்ள என் வேலையே என்னாகும்னு தெரியல. வீட்ல யார்கிட்டயும் எதுவும் சொல்ல முடியாது. இதுல போயி ஒருத்தர்கிட்ட காத்திருங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேணாம். புடிச்சிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

அவள் கையிலிருந்த ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டினாள். தாடைக்குக் கீழே கொக்கியைப் போட்டு, வாரை இறுக்கி, விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். தோளில் டப் டப் என்று இரண்டு தட்டு. வாரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

ரயில் உள்ளே வந்து நின்றது.

"கட்டைவிரலைக் காட்டுங்க..."

அன்பரசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"காட்டுனா விட்டுடுவீங்களே."

"ஐயோ... ரயில் கெளம்பிடும்!"

"ஒன்றரை வருஷம் கழிச்சுக் காட்டுறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தூரத்தில் தங்கை பையோடு ஓடி வருவது தெரிந்தது. இலக்கியா வாரிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை ஒரு கணம் அவன் தோளில் வைத்தாள்.

"புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு. நீங்க காட்டற வரைக்கும்... நான் விட்டதா அர்த்தம் இல்ல."

தங்கையிடம் பையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. கதவருகே நின்று கையசைத்தாள்... அசைத்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறையும்வரை, அன்பரசு பின்னால் கட்டிய கைகளை எடுக்கவே இல்லை.