மயிலம்மாள் பெயருக்கு வந்த பார்சல்

மேக்கப் சாமானுக்கு எழுபது சதவீதத் தள்ளுபடி என்று ஆன்லைன் கடைக்காரன் பெரிதாகப் போட்டிருந்தான். முதல் முறை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று அதற்குக் கீழே கடுகளவு எழுத்தில் போட்டிருந்தான். எல்லாம் அந்தக் கடுகளவு எழுத்தால் வந்த வினை.

என் நம்பரில் நான் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். என் கணவர் மாதேஸ்வரன் நம்பரிலும் ஆயிற்று, மாமியார் பாவாயி நம்பரிலும் ஆயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர். அது தை மாதம் காய்ச்சலில் இறந்துபோன என் நங்கையா, அதாவது என் கணவரின் அக்காள், மயிலம்மாளுடையது. பேங்க் வேலை முடியும்வரை வேண்டும் என்று அந்தப் போனை அலமாரியில் வைத்திருந்தோம். அதில் வந்த ஓடிபி எண்ணை வைத்து, என் போனில் அவர் பெயரையே போட்டு, புதுக் கணக்குத் திறந்தேன். அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் தள்ளுபடிதான்.

மலைமேல் எடப்புளி நாட்டில் ரோட்டோரம் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். பார்லர் என்றால் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நான். புருவம் எடுத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக மணப்பெண் அலங்காரம் ஒன்று வந்திருந்தது. வாசலூர்பட்டி அருணாவுக்கு ஆவணியில் ரிசப்ஷன். அது நன்றாக அமைந்தால் இன்னும் இரண்டு கல்யாணம் என்னிடம் வரும். அமையாவிட்டால் முன்னறையில் மிளகு மூட்டை அடுக்கிக்கொள்வதாக என் கணவர் சொல்லிவிட்டார். என்னிடம் இருந்த மேக்கப் சாமானோ காய்ந்து கட்டி தட்டிப் போயிருந்தது.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் பெயரை வருஷம் திரும்பும்வரை வாசலில் நின்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. போனில் பெயரை அடிப்பது கூப்பிடுவதில் சேராது என்று நினைத்துக்கொண்டேன். பார்சல் கொண்டு வருகிறவர் வாசலில் நின்று பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

பார்சல் வந்த அன்று மதியம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி ரோட்டை மறைத்துவிட்டது. நான் ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலின் ஒரு முனை என் பல்லில் இருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பார்சல் கொண்டுவரும் சுதாகர் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மயிலம்மாள்."

வாயைத் திறந்தால் நூல் நழுவிவிடும். கையை ஆட்டினேன். மூட்டத்தில் அவருக்கு அது தெரியவில்லை.

"மயிலம்மாளுங்க... ஏனுங்க, மயிலம்மாள் ஊடு இதுதானுங்களே?"

மாமியார் ஈரக்கையோடு வெளியே வந்தார். "சாமி, என்ன பேரு சொன்னே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மயிலம்மாளுங்க. பார்சல் வந்திருக்குதுங்க."

அவர் சுதாகரைத் திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்ப் பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்தார்.

பெட்டியைப் பிரித்தபோது பச்சை மிளகு வாடை அடித்தது. சுதாகர் மிளகு மூட்டைமேல் வைத்துக் கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். பவுண்டேஷன் பாட்டிலின் சீல் உடையவில்லை, ஆனால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு இல்லை. நான் கேட்டது வெளிர் சந்தன நிறம். வந்தது கருப்பட்டி நிறம். லிப்ஸ்டிக்கின் நுனி, யாரோ அழுத்திப் பூசிய மாதிரி மழுங்கியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயப்படத் தோன்றவில்லை. கஸ்டமர் கேருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'அன்புள்ள மயிலம்மாள், தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். சீல் உடையாத பாட்டில் எப்படிக் குறையும் என்று என்னையே கேட்டார்கள். அதைத்தானே நானும் கேட்கிறேன் என்றேன். அதற்கும் வருந்தினார்கள். இப்படி வருந்தி வருந்தியே என் நாலு நாளைத் தின்றுவிட்டு, மாற்றிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள்.

மாற்றாக வந்த பாட்டிலில் பாதி இல்லை. நிறம் அதே கருப்பட்டி. மிளகு வாடையும் அதே. அது வந்தபோது நான் வீட்டில் இல்லை. மறுநாள் ரோட்டில் சுதாகரைப் பிடித்து, இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றேன்.

"பேரு சொல்லித்தானுங்க குடுக்கோணும். நேத்தும் ரண்டு தடவ கூப்பிட்டனுங்க. உள்ளார இருந்து கொரல் குடுத்தாங்க, அப்புறந்தான் வாசல்ல வெச்சுட்டுப் போனேன்."

"எங்க மாமியாருங்களா?"

"கொஞ்சம் சின்ன வயசுக் கொரலுங்க."

முந்தின நாள் முழுக்க மாமியார் மரவள்ளிக் காட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக் குரலாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்குத்தான் மயிலம்மாள் நங்கையா நினைவுக்கு வந்தார். கல்யாணமே ஆகாதவர். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணி ஏறி விழுந்ததில் தாடையில் ஒரு குழி விழுந்திருந்தது, கட்டைவிரல் பதிகிற அளவுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் கொஞ்சம் போட்டு உடு சுகுணா" என்றார். எனக்கு அவசரம்.

"உங்க மொகத்துக்கு இதெல்லாம் ஒட்டாதுங்க நங்கையா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவரும் சிரித்தார். எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார். அப்புறம் ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

மறுபடி படம் அனுப்பிக் கேட்டதில், மூன்றாவது பார்சல் ரிசப்ஷன் அன்று மதியம்தான் வந்தது. சுதாகர் கூப்பிட்டார், நான் ஓடிப்போய் வாங்கினேன். இந்த முறை பாட்டில் நிறைந்திருந்தது. நிறம் கருப்பட்டி. அருணா என்னைவிடச் சிவப்பு. போன் சார்ஜ் தீரும்வரை கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டினேன். அவர்கள் வருந்திக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தது. சற்று நேரத்தில் கரண்டும் போய்விட்டது.

நாலு மணிக்கு அருணாவை அவள் சித்தி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினார். முகம் கழுவிவிட்டு வரும்படி அருணாவைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். செத்துப்போன போனைத் தட்டிக்கொண்டே நான் ஜன்னல் பக்கம் நின்றேன். மூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தேன். கழுத்துவரை துண்டு போர்த்தி, கண்ணை மூடி, தயாராக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் மூட்டம்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பாட்டிலையே திறந்தேன். கன்னம் சில்லென்று இருந்தது. கழுவிய முகம் அப்படித்தான் இருக்கும்.

மனசில் இருந்த எரிச்சலெல்லாம் வாய்வழியே வந்தது. "மூணு தடவ ஏமாத்திட்டானுங்க கண்ணு. சாயங்கால வேலைக்கு மத்தியானம் சாமான் அனுப்பறான்" என்று பொரிந்துகொண்டே ஸ்பாஞ்சால் ஒற்றினேன். ஆச்சரியமாக, நிறம் தோலோடு அப்படியே கலந்தது. என் கையால் இவ்வளவு சுத்தமாக ஒரு முகமும் அமைந்ததில்லை.

"இது எனக்கு ஒட்டுமா?" அவள் கிசுகிசுத்தாள்.

"ஒட்டும், ஒட்டும். அசையாம இரு."

"ஒட்டாதுன்னு சொன்னாங்க."

"எவ அவ, வேலை தெரியாதவ?"

மிளகு வாடை அடித்தது. தாடைப் பக்கம் வந்தேன். என் கட்டைவிரல் ஒரு குழிக்குள் இறங்கியது.

கை நின்றுவிட்டது.

"அக்கா, தண்ணி ஐசாட்டம் இருக்குதுங்க." எனக்குப் பின்னாலிருந்து அருணா சொன்னாள். "ஆரம்பிக்கலாமுங்களா?"

திரும்பினேன். ஈர முகத்தோடு அவள் பின்வாசலில் நின்றாள். மறுபடி நாற்காலியைப் பார்த்தேன்.

துண்டு மட்டும் கிடந்தது.

பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. அதற்குமேல் எனக்கு வேலையே ஓடவில்லை. அருணாவுக்குப் பவுடரும் மையும் வைத்து, கோணலாக ஒரு பொட்டும் வைத்து அனுப்பினேன். மண்டபத்தில் அவள் அம்மா பேசிய பேச்சு மலை முழுக்கப் பரவிவிட்டது. வரவேண்டிய இரண்டு கல்யாணமும் வேறு ஆளுக்குப் போயின. முன்னறையில் பாதிக்கு இப்போது மிளகு மூட்டைதான். அந்தக் கம்பெனிக்காரன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என் நாக்கின்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது.

மறுநாள் காலை போன் உயிர் பெற்றதும் ஒரு செய்தி வந்தது. 'தங்கள் கருத்துக்கு நன்றி, மயிலம்மாள்.'

திறந்து பார்த்தேன். அந்தப் பவுண்டேஷனுக்கு ஐந்து நட்சத்திரம். கீழே இரண்டே வார்த்தை: 'நல்லா ஒட்டுது.' கூடவே ஒரு படம். என் பார்லரில், ஸ்பாஞ்சும் கையுமாக நான் குனிந்து நிற்கிறேன். என் முதுகு நாற்காலியை மறைத்திருக்கிறது. அந்த நேரம் என் போன் அணைந்து கிடந்தது. அலமாரியில் இருந்த நங்கையாவின் போனோ கேமரா இல்லாத பழைய பட்டன் போன்.

கணக்கை மூடச் சொல்லி எழுதினேன். அவர் இறந்துவிட்டார் என்றும் எழுதினேன். 'அன்புள்ள மயிலம்மாள், வருந்துகிறோம்' என்றார்கள். கடைசியில் நங்கையாவின் சிம்மை உடைத்து அடுப்பில் போட்டேன்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. நேற்று மதியம் ஒருத்திக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் காட்டுக்குப் போயிருந்தார். மூட்டத்துக்குள் பைக் சத்தம் வந்து வாசலில் நின்றது. நான் எதுவும் ஆர்டர் போடவில்லை.

"மயிலம்மாள்."

பல்லில் நூல். கையை ஆட்டினேன்.

"மயிலம்மாளுங்க..."

நூலைத் துப்பிவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் ஆளில்லாத உள்ளறையிலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குரல் முந்திக்கொண்டது.

"வாரேன்."