இரண்டாவது கோப்பை

காலைச் சங்கு ஊதியதும் ஐந்தாம் மிதவையில் எல்லோரும் வெறும் வயிற்றோடு வாசல்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். சமையல்கூடம் அதற்கு அப்புறம்தான் திறக்கும். தூத்துக்குடியைக் கடல் எடுத்துக்கொண்டபின் மிதவைகளில் குடியேறியவர்கள் கடல்நீரை வடித்துக் குடித்தார்கள். சாரமே இல்லாத அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கால்கள் வளைந்தன. அன்றிலிருந்து கால்சியமும் இரும்பும் கலந்த சத்துநீர், ஆளுக்கொரு கோப்பை, வாசலிலேயே குடித்தாக வேண்டும் என்று சட்டம். குடித்தவருக்குத்தான் கதவு வழிவிடும்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் இரண்டு கோப்பை. அதுவும் சிவப்பு வளையம் போட்ட தனிக் கோப்பை. அவளுக்கிருந்த எச்.ஐ.வி. கிருமி கோப்பை வழியாக ஒட்டாது என்பது முப்பாட்டன் காலத்திலேயே தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டேதான் தனியாக வைத்திருந்தார்கள். வெறுப்புக்கு அறிவியல் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

“வாயத் தெறங்க மைனி. நாக்கத் தூக்குங்க,” என்றாள் ஃபெர்மினா. வாசல்காவல் அவள் பொறுப்பு; மாத்திரை போடும் முன்னும் பின்னும் வாயைச் சோதிப்பாள். ஜெசிந்தாவின் செத்துப்போன புருஷனுக்குத் தங்கை.

“வெரல வுட்டும் பாத்துருட்டி. உங்க அண்ணன் குடுத்த சீரு எந்த மூலைல ஒளிஞ்சிருக்குன்னு தெரியட்டும்.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபெர்மினாவின் முகம் சுண்டிப்போனது. அண்ணன் பேச்சை எடுத்தால் அவளுக்கு ஆகாது. ஜெசிந்தாவும் அதற்காகவே எடுப்பாள்.

தினமும் போடும் மாத்திரை என்னவோ ஒன்றுதான். மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த முக்கூட்டு மாத்திரை. அதன் நடுவே கடுகளவு சென்சார் ஒன்று, அதற்கு உள்மணி என்று பெயர். வயிற்றில் கரைந்ததும் சுவருக்குத் தகவல் சொல்லும். ஆனால் சுவரில் இருந்த பெரிய விளக்கு வேறு. அது ரத்தத்தைப் பார்த்து மாதம் ஒரு முறை எரியும். கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால் பச்சை. அப்படி அடங்கியே இருப்பவளோடு குடும்பம் நடத்தினால்கூடத் தொற்றாது. அடங்காவிட்டால் சிவப்பு. மூன்று சிவப்பு சேர்ந்தால் ஒதுக்கு மிதவைக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளையை அங்கே கூட்டிப்போக முடியாது.

ஜெசிந்தாவுக்கு இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. மூன்றாவது விளக்கு இன்றைக்கு. மகள் அமலி அத்தை ஃபெர்மினாவின் பக்கத்தில், யாரோ தோளில் கைவைத்து அழுத்தி நிறுத்தியது போல் அசையாமல் நின்றாள்.

ஜெசிந்தாவுக்கு எரிச்சல் என்னவென்றால், அவள் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்த காலம் முழுக்கப் பச்சைதான். அங்கே சுடுசோறும் மீன்குழம்பும் தின்றுகொண்டே மாத்திரையைப் போடுவாள், மழைத்தண்ணீர் குடிப்பாள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஊர் திரும்பினாள், சிவப்பு விழுந்தது. கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்புகிறாள் என்று மிதவையே பேசியது. உள்மணி கரைந்ததே என்றால், அதை ஏமாற்ற வழி கண்டுபிடித்துவிட்டாள் என்றார்கள். அப்போது ஃபெர்மினா செய்த ஏற்பாடுதான் இரண்டாவது கோப்பை. மாத்திரை தொண்டையில் நிற்காமல் அடித்துக்கொண்டு போகட்டுமாம்.

கூடத்தின் திரையில் மருத்துவர் இன்பநிலா வந்தார். கரையில் இருப்பவர்.

“விளக்கு எரியறதுக்கு முன்னாடி கேக்கறேன் ஜெசிந்தா. மாத்திரையோட வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?”

“போன தடவையும் கேட்டிய. இல்லன்னேன். இப்பவும் இல்ல.”

“டாக்டர், எங்க மேல தப்பு வந்துரக்கூடாது,” என்று ஃபெர்மினா முன்னால் வந்தாள். “நாங்க எவ்வளவு கண்டிப்பா குடுக்கோம்னு நீங்களே பாருங்க. மைனி, போடுங்க.”

ஜெசிந்தா மாத்திரையை நாக்கில் வைத்துத் திரைக்கு நேரே காட்டி விழுங்கினாள். ஃபெர்மினா சிவப்பு வளையக் கோப்பையை நீட்டினாள். குடித்தாள். மறுபடி நிரப்பி நீட்டினாள்.

“நில்லுங்க! அது என்ன, வெள்ளையா கலங்கலா?”

“சத்துநீர்தான் டாக்டர். எல்லாரும் குடிக்கதுதான். மைனிக்கு ஒண்ணு கூடுதலா.”

“வெறும் வயித்துலயா? தினமுமா?”

“சங்கு ஊதுன ஒடனே.”

மருத்துவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “அதுல இருக்கற கால்சியமும் இரும்பும் இந்த மாத்திரையில ஒரு மருந்தைப் பிடிச்சுக் கட்டிடும். மாத்திரை கரையும், மணி அடிக்கும், ஆனா அந்த மருந்து சரியா ரத்தத்துல ஏறாது. சாப்பாட்டோட சேர்த்துப் போட்டா ரெண்டையும் ஒண்ணா எடுக்கலாம். வெறும் வயித்துலன்னா மாத்திரை முதல்ல, சத்துநீர் ரெண்டு மணி நேரம் கழிச்சு. இதை யாருமே சொல்லலையே எங்கிட்ட!”

யார் சொல்வது? பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீரை மருந்துக் கணக்கில் யார் சேர்ப்பார்? ஜெசிந்தாவே சேர்க்கவில்லை. அவளுக்குக் கோபம் பொங்கியது. அதில் பாதி தன் மீதுதான்.

“துப்புனேன்னு சொன்னியளே!” என்று வரிசையைப் பார்த்துக் கத்தினாள். “நீங்க ஊத்துனதுதாம்ல என்னை அழிச்சது!”

ஃபெர்மினா நிரப்பிய கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. சிவப்பு.

“காரணம் எதுவா இருந்தா என்ன?” என்றான் பின்னால் நின்ற சூசை. “செவப்புன்னா செவப்புதான். படகுல ஏத்துங்க.” பலர் தலையாட்டினார்கள். தப்பு தங்களுடையது என்று தெரிந்தபின் அவளை அனுப்பிவிடும் அவசரம் கூடித்தான் போனது.

“இந்தச் சிவப்பை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல,” என்றார் மருத்துவர். “ஜெசிந்தா, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. பயந்துபோய் ரெண்டு ரெண்டாவும் போடாதீங்க. கிருமி மருந்துக்குப் பழகிடுச்சான்னு ரத்தத்துல பாக்கறேன். பழகலைன்னா இதே மாத்திரை போதும். பச்சை வந்ததும் நீங்க திரும்பலாம்.”

“பழகியிருந்தா?”

“வேற மருந்து தேடணும். நாளாகும்.”

படகு வந்துவிட்டது. அமலி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஜெசிந்தா அவளை இறுக்கி அணைத்து, உச்சியில் முத்தமிட்டு, பிறகு தானே கையை விடுவித்தாள். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் அழுதுவிடுவாள். இவர்கள் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை.

“சத்துநீர ஒழுங்கா குடி, என்ன? உனக்கு அது நல்லது. எலும்பு வளையாது.”

ஃபெர்மினா சமையல்கூடத்திலிருந்து பொட்டலச் சோறும் ஒரு கேன் வடிநீரும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

“மைனி, இதுல ஒண்ணும் கலக்கல. நானே புடிச்சேன். சோத்தோட மாத்திரையப் போடுங்க. நான் வேணும்னு செய்யல மைனி. ரெண்டாவது கோப்பை... நாந்தான்... என்னை மன்னிச்சிருங்க.”

ஜெசிந்தா சோற்றை வாங்கினாள். கேனையும் வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள். படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான்.

“மன்னிப்பு நல்ல சாமான்தாம்ட்டி,” என்றாள். “ஆனா வேளை தப்பிக் குடுத்தா உள்ள ஏறாது. ஒனக்குத்தான் இப்ப தெரியுமே.”

படகு நகர்ந்தது. வாசல்கூடத்தில் வரிசை மறுபடி சேர்ந்தது, இன்னும் பாதிப் பேர் குடிக்கவில்லை. ஃபெர்மினா திரும்பி வந்தபோது அமலி சிவப்பு வளையக் கோப்பையை எடுத்து, அம்மா குடிக்காமல் விட்ட சத்துநீரை அதிலேயே குடித்துக்கொண்டிருந்தாள். சூசை ஏய் என்று அதட்டினான். பிடுங்கப் போன ஃபெர்மினாவின் கை பாதியில் நின்றுவிட்டது.