ஆறு கோடுகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கை அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, கதவில் அக்காவின் பெயர்ப்பலகை இல்லை. நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

எலிக்காரர் சாவியோடு காத்திருந்தார். கூண்டு கழுவி, தீனி வைத்து, அந்தக் கட்டடத்திலேயே தலை நரைத்தவர். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

“வாங்க சின்ன மேடம். எல்லாம் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். பெரிய மேடம் இருந்தா மோந்து பாத்தே சொல்லிடுவாங்க, எந்தக் கூண்டு கழுவலைன்னு.”

“மேடம்னு சொன்னாப் போதும். சின்ன வேண்டாம்.”

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். உள்ளே மரத்தூளும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. குளிர்சாதனப் பெட்டி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

‘சின்ன’ என்ற சொல் அவளை நாற்பத்தொரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. அக்கா போட்டுக் கழித்த சீருடை. அக்கா அடிக்கோடிட்ட பாடப்புத்தகம். புது வகுப்பில் “நீ அவ தங்கச்சியா?” என்று மலரும் ஆசிரியை முகம், முதல் பரீட்சைத் தாள் திருத்தியதும் வாடிப்போகும். மூளையைப் படிக்கப் போனதும் அக்கா போன வழியில்தான். ஹார்மோன்களைப் பற்றி இவள் ஒரு கட்டுரை எழுதி முடிப்பதற்குள் அவள் மூன்று எழுதியிருப்பாள்.

மூளைத்தண்டின் அடியில் ஒரு பிடி பெரிய செல்கள் இருக்கின்றன, ஹார்மோன் அவற்றைத் தட்டி எழுப்பினால்தான் மூளை முழுவதும் விழிக்கும், பசி, பயம், ஆசை எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது அக்காவின் கட்சி. உடம்பு கட்டையாகக் கிடந்தாலும் உள்ளே விழிப்பு இருக்கலாம் என்றாள். அதை நிரூபிக்கும் முன்பே மூளையில் இரத்தக் குழாய் வெடித்து விழுந்தாள். அந்த நாற்காலி இப்போது தங்கைக்கு வந்திருக்கிறது.

முதல் நாளே சோதனையைத் தொடங்கினாள். மயக்க மருந்து ஏற்றிய ஆறு எலிகள் ஆறு கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்தன. தலையில் முடியளவு மெல்லிய கம்பிகள். திரையில் ஆறு கோடுகள் அகலமாக, சோம்பலாக ஊர்ந்தன. அடித்துப் போட்ட உறக்கம். ஹார்மோன் இன்னும் ஊசிக்குள்தான் இருந்தது.

பெட்டிகளின் அருகே போய், “சரி, ஆரம்பிக்கலாம்” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

ஆறு கோடுகளும் ஒன்றாக எழும்பின.

நெருக்கமாக, கூராக, வேகமாக. விழித்த மூளையின் கோடு. எலிகளின் கண்கள் மூடியே இருந்தன. மீசை கூட அசையவில்லை.

கம்பிகளைச் சரிபார்த்தாள். வெளியே போய் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கோடுகள் தணிந்தன. எலிக்காரரை உள்ளே அனுப்பினாள். அவர் இருமினார், வாளியை இழுத்தார், ஏதோ பாட்டை முனகினார். கோடுகள் அசரவில்லை.

அவர் போனதும் உள்ளே வந்து வாயைத் திறந்தாள்.

எழும்பின.

அந்தக் கோடு அவளுக்குப் புதிதல்ல. இரண்டு மாதத்துக்கு முன், தீவிர சிகிச்சைப் பிரிவில், அக்காவின் கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் பார்த்திருக்கிறாள்.

அக்கா நினைவிழந்து பத்தொன்பதாவது நாள் அது. அத்தான் சாப்பிடப் போயிருந்தார். தங்கை தனியாக உட்கார்ந்து, “அக்கா, கேக்குதா?” என்றாள். கோடு எழும்பியது. மறுபடி கேட்டாள். மறுபடி எழும்பியது. மூன்றாம் முறையும்.

அக்கா உள்ளே விழித்திருந்தாள். தன் கட்சி சரிதான் என்று தன் மூளையாலேயே நிரூபித்துக்கொண்டு கிடந்தாள்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தங்கைக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதிவை அவள் அழித்தாள். திரும்பி வந்த அத்தானிடம், “சில சமயம் கோடு துள்ளும், அத்தான். வெறும் அனிச்சை. நம்ம மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்” என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். மறுநாள் சுவாசக் கருவியை நிறுத்தினார்கள்.

இப்போது ஆறு எலிகளின் எதிரே நின்று, மெல்லிய குரலில் கேட்டாள்.

“அக்கா?”

கோடுகள் திரையின் மேல் விளிம்பைத் தொட்டன.

“உனக்கு இன்னும் என்னடி வேணும்? எல்லாமே உனக்குத்தானே கிடைச்சுது?”

அவை இறங்கவே இல்லை. மரத்தூள் வாடை மறைந்து, சிகிச்சைப் பிரிவில் இருந்த ஈரப் பஞ்சின் வாடை மூக்கில் ஏறியது.

அவள் மின்சாரத்தை நிறுத்தினாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண் செருகும் நேரத்தில், பிடரிக்குக் கீழே, உள்ளிருந்து ஒரு விரல் தட்டியது. எழுந்து உட்காருவாள். தன் இரத்தத்தைத் தானே சோதித்தாள். துரத்தப்படும் விலங்கின் இரத்தத்தில் இருக்கும் அளவுக்கு ஹார்மோன் இருந்தது. மாத்திரை போட்டாள். விரல் இன்னும் பலமாகத் தட்டியது.

பன்னிரண்டாம் நாள் அத்தான் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து அக்காவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், அன்னைக்கு அக்காவுக்குக் கேட்டுது.”

“என்ன கேட்டுது?”

“நாம பேசினது. கோடு எழும்புச்சு. அனிச்சைன்னு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் கை நின்றது.

“ஏம்மா?”

“அவ சொன்னது சரின்னு அவ மூளையே காட்டிக் குடுத்துது. படுத்த படுக்கையிலயும் அவதான் ஜெயிச்சா. என்னால தாங்க முடியலை.”

அவர் மடியில் இருந்த புடவையைக் கீழே வைத்தார்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவ காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன்” என்றார். “‘நாளைக்குக் காலையில நிறுத்திடுவாங்க, கோவிச்சுக்காதேம்மா’ன்னு. அப்ப அதையும் கேட்டுக்கிட்டுதான் ராத்திரி பூரா கிடந்திருக்கா.”

அவர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார்.

“நீ போயிடு. இனி இந்த வீட்டுப் படி ஏறாதே.”

மறுநாளே அவள் இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, பதவியை விட்டாள். இத்தோடு தீரும் என்று நினைத்தாள். தீரவில்லை. அடுத்த நாள் காலை, கண்கள் குழிவிழுந்து, ஊரின் மறுகோடியில் இருந்த நரம்பியல் மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள். மூளை அலையைப் பதிவு செய்யச் சொன்னார்கள்.

அந்தப் பிரிவில் இருந்த பெண் கலகலப்பானவள். தலையில் பசை தடவி, கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

“கண்ணை மூடிக்கோங்க. அரை மணி நேரம் அசையாதீங்க. தூக்கம் வந்தா நல்லாத் தூங்குங்க.”

விளக்கு தணிந்தது. பிடரியில் விரல் தட்டவில்லை. உடம்பு, இத்தனை நாளுக்குப் பிறகு, மெல்லத் தளர்ந்தது. கால் தளர்ந்தது. கை தளர்ந்தது.

பிறகு, கையை அசைக்கப் பார்த்தாள்.

அசையவில்லை.

கண்ணும் திறக்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. மின்விசிறியின் கிறீச்சொலி, தாழ்வாரத்தில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது, எல்லாம் துல்லியமாகக் கேட்டன.

கதவு திறந்தது.

“உள்ள வாங்க” என்று அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள். “இப்பதான் அசந்தாங்க. நீங்க அவங்க அக்காவா? ஜாடையே சொல்லுதே.”

பதில் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி ஒன்று தரையில் உரசி, அவள் தலைமாட்டுக்கு வந்து நின்றது.

“இல்லைங்க, தாராளமாப் பேசலாம்” என்றாள் அந்தப் பெண். “கோட்டைப் பாருங்க, எவ்வளவு நிதானமா இருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது.”