மருதாயி திருத்திய கொலை

போன் அலறியது.

ஏலக்காய் பொறுக்கும் கொட்டகையில் இருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. மருதாயி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மருதாயி கதை சொல்லும்போது எந்தப் போன் அலறினாலும் முதலாளி கன்னையன்தான் எழுந்து போய் எடுக்க வேண்டும்.

அன்று ஒரு புது மாத நாவலை உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

பணக்காரக் கிழவர்... பாலில் விஷம்... பங்களா நிறைய சொந்தக்காரர்கள். கொலைகாரன் யாரென்று பாதிப் புத்தகத்துக்கு முன்னாலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். எப்படி என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

"கெழவன் செத்ததுக்கு வீடே அழுகுது. வக்கீல் மட்டும் டாக்டரைக் கூப்பிடுறான், மாலைக்குச் சொல்லி விடுறான். அழுகுறவனை விட்டுருங்கடி. சோலி பாக்குறவனைப் பிடிங்க."

பெண்கள் சிரித்தார்கள். கைகள் மட்டும் நிற்காமல் பருத்த காயையும் சிறுத்த காயையும் பிரித்துக்கொண்டே இருந்தன.

மருதாயியின் அபிப்பிராயத்துக்குப் போடி ஊரில் அப்படி ஒரு மரியாதை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து, 'இடைவேளை வரைக்கும் பாருங்க, அதுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து துணி தொவைங்க' என்றாள். அந்தப் படம் அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை. தோளில் குண்டு வாங்கிய கதாநாயகன் மறு காட்சியில் அதே தோளில் கதாநாயகியைத் தூக்கி ஆடினால் அவளுக்குப் பொறுக்காது. சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மலையையும் பனியையும் எழுதுகிறவர்களைக் கண்டாலும் ஆகாது.

கன்னையன் போனை வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

மருதாயிக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்த பொன்னுமணியிடம் போனார்.

"தாயி... மனசைத் திடப்படுத்திக்க. குரங்கணிக்கு மேல ஒம் புருசன் ஜீப்பு உருண்டு போச்சாம்."

பொன்னுமணி அலறினாள்.

*

அவர்களை மலைக்கு ஏற்றிப் போனது மருதாயியின் கணவன் மலைச்சாமியின் ஜீப்.

மலைச்சாமி குரங்கணிப் பாதையில் லோடு அடிக்கிறவன். அந்தப் பாதையில் அவனுக்குத் தெரியாத வளைவு இல்லை. செய்தி கேட்டதும் எங்கிருந்தோ வந்துவிட்டான். கயிறு எடுத்தான். ஆட்களைச் சேர்த்தான். பொன்னுமணிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். இவ்வளவு நல்ல மனசா என்று மருதாயிக்கே நெகிழ்ந்துபோனது.

மாசி மாதம். உச்சி வெயில். வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை.

பள்ளத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஜீப் கவிழ்ந்து கிடந்தது. பொன்னுமணியின் புருஷன் உக்கிரபாண்டியை அதற்குள் வெளியே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மலையில் சொந்தமாகச் சின்ன ஏலத்தோட்டம், சொந்தமாக ஜீப் என்று நிமிர்ந்து நடந்த மனிதன். மருதாயிக்கு அண்ணன் முறை. அவனைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினாள்.

திருப்பிய இடத்தில் அதைப் பார்த்தாள்.

ஜீப்பின் ஒரு ஹெட்லைட் உடைந்திருந்தது.

இன்னொன்று எரிந்துகொண்டிருந்தது.

அத்தனை வெயிலில்... மஞ்சளாக... மங்கலாக.

போலீஸ்காரர் ஒருவரும் அதைக் கவனித்தார். மேலே மஞ்சு, பனிமூட்டம் இறங்கியிருக்கும், லைட்டைப் போட்டிருப்பான், வளைவு தெரியாமல் விட்டிருப்பான் என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

மருதாயி ஆட்டவில்லை.

அது அவள் சொன்னது.

போன ஐப்பசியில், மாட்னி பார்த்துவிட்டு அவளும் பொன்னுமணியும் மட்டும் நடந்து வந்தபோது சொன்னது. படத்தில் வில்லன் ஒரு மில் முதலாளியை அடித்துக் கொன்று, காரில் உட்கார வைத்து, மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். பிரேக்கை வேறு அறுத்து வைக்கிறான். போலீஸ் வந்து பிரேக்கைப் பார்த்ததும் மாட்டிக்கொள்கிறான்.

அதை மருதாயி வழியெல்லாம் திருத்திக்கொண்டே வந்தாள். பிரேக்கை ஏன் அறுக்க வேண்டும்? பின்மண்டையில் ஒரே அடி. நியூட்ரலில் போட்டு ஒரு தள்ளு. உருண்டு விழுந்த காயத்தோடு அந்தக் காயமும் சேர்ந்துவிடும்.

"முக்கியமா லைட்டைப் போட்டு விடணும் பொன்னு. நம்ம மலையில எப்ப மஞ்சு எறங்கும்னு யாருக்குத் தெரியும்? லைட்டு எரிஞ்சா, மஞ்சுல வழி தெரியாம விழுந்துட்டான்னு ஊரே சொல்லிரும்."

பொன்னுமணி அன்று சிரித்தாள். 'ஒனக்கு இருக்குற மூளைக்கு நீ படமே எடுக்கலாம்க்கா' என்றாள்.

*

மருதாயி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தற்செயலாக இருக்கலாம். பொன்னுமணி அந்த நேரம் கொட்டகையில் தன் பக்கத்தில்தானே இருந்தாள்? புத்தகத்தை ஒருத்தி வாசிக்க ஒருத்தி கேட்டு, ஒரே முறுக்கை இருவரும் கடித்து, ஒரே இடத்தில் அழுதவர்கள். உடன்பிறந்தவள் கூட அவ்வளவு நெருக்கம் இல்லை. அவளையா சந்தேகப்படுவது?

மனசு கெட்டுக் கிடந்த அந்த நாட்களில் அவளுக்கு ஒரே ஆறுதல் மலைச்சாமிதான்.

இத்தனை வருடமாக அவளுடைய நாவல்களைக் குப்பை என்று எட்டி உதைத்தவன், திடீரென்று ஒரு நாவலை வாங்கி வந்து நீட்டினான். வாசித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னான். தாடையில் கை வைத்து, குழந்தை மாதிரிக் கேட்டான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

புருஷன் பெண்டாட்டியை ஸ்டவ் வெடித்ததாகக் காட்டிக் கொல்லப் பார்க்கும் கதை. மருதாயி உற்சாகமாகத் திருத்தினாள். ஸ்டவ் நல்ல யோசனைதான், ஆனால் அந்த மடையன் கதவைத் திறந்து வைத்துவிட்டான், அவள் தெருவுக்கு ஓடி வந்துவிட்டாள் என்றாள். வெளியே சங்கிலியைப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றாள்.

மலைச்சாமி மெல்லச் சிரித்தான்.

*

கருமாதி முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, ஒரு சாயங்காலம் மருதாயி பொன்னுமணி வீட்டுக்குப் போனாள்.

பொன்னுமணி அடுப்படியில் இருந்தாள். முகத்தில் அழுத சுவடு இல்லை. தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் போவதாகவும், இனிமேல் கொட்டகைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

மருதாயி அவள் முகத்தைப் பார்க்காமல், பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அன்னிக்கு மஞ்சே இல்லையே பொன்னு. லைட்டை ஏன் போட்டே?"

"நீதானக்கா போடணும்னு சொன்ன. அதான் போட்டோ..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கரண்டி கையிலிருந்து நழுவியது.

மருதாயி எதையும் கேட்காதவள் போல எழுந்தாள். சும்மா கேட்டேன், தலை வலிக்கிறது, வருகிறேன் என்று நடந்தாள்.

தெருவில் இறங்கியதும், அவள் பாதியில் விழுங்கிய சொல்லை மருதாயி முழுதாகச் சொல்லிப் பார்த்தாள்.

போட்டோம்.

'போட்டேன்' இல்லை. 'போட்டோம்'!

பொன்னுமணிக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. மலைக்கும் போகவில்லை. அப்படியானால் ஜீப்பை வளைவில் நிறுத்தியது யார்? நியூட்ரலில் போட்டுத் தள்ளியது யார்?

அன்றைக்கு எல்லோரும் அழுதபோது கயிறு எடுத்தவன் யார்? ஆள் சேர்த்தவன் யார்?

சோலி பார்த்தவன் யார்?

மலைச்சாமி.

எத்தனை கதைகளில் எத்தனை கள்ளப் புருஷர்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். தன் வீட்டுக்காரன் ஏன் வாராவாரம் குரங்கணியில் தங்கிவிட்டதாகச் சொல்கிறான் என்று ஒரு நாள் யோசித்ததில்லை. தான் தனியாக எந்தப் படத்துக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று பொன்னுமணி ஏன் அவ்வளவு அக்கறையாகக் கேட்டாள் என்றும் யோசித்ததில்லை.

அதற்கு மேல் இன்னொன்று ஞாபகம் வந்தது.

ஸ்டவ்.

சங்கிலி.

அவன் கேட்டது கதை இல்லை... யோசனை! தன்னை எப்படிக் கொல்வது என்று தன்னிடமே கேட்டிருக்கிறான். தானும் கண் கலங்கிச் சொல்லியிருக்கிறோம்.

கணவனும் தோழியும் செய்த துரோகத்தை விட, அவனுக்கு அந்தக் கதையைத் திருத்தியபோது தான் சந்தோஷமாக இருந்ததுதான் அவளை அதிகம் அறுத்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போனாள்.

*

இன்ஸ்பெக்டர் ராக்கையா குறுக்கே பேசாமல் கேட்டார்.

யோசனை சொன்னது தான்தான் என்பதையும் மருதாயி மறைக்கவில்லை. தன்னையும் சேர்த்துப் பிடித்தாலும் சரி என்றாள்.

பின்மண்டைக் காயத்தில் டாக்டருக்கும் சந்தேகம் இருப்பதாக ராக்கையா சொன்னார். வெயிலில் எரிந்த விளக்கு அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இதையெல்லாம் வைத்து ஒருவனைக் கோர்ட்டில் நிறுத்த முடியாது.

"அப்ப அவுக வாயாலயே சொல்ல வைக்கிறேன்யா," என்றாள் மருதாயி.

"உசுரோட வெளையாடுற விஷயம்மா."

"பொன்னுமணி இந்நேரம் அவுகளுக்குச் சொல்லி விட்டிருப்பா. நான் வெளையாடாட்டியும் அவுக வெளையாடத்தான் போறாக."

ராக்கையா தொப்பியை எடுத்து மாட்டினார். பிறகு, பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

*

மறுநாள் காலை.

மருதாயியின் வீடு வரிசை ஓட்டு வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டு மாயக்காளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். அது கூரை வரை எட்டாது. இங்கே இருமினால் அங்கே சுக்கு வேண்டுமா என்று கேட்பார்கள்.

மலைச்சாமி விடியலிலேயே ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

காப்பி போடச் சொன்னான்.

மருதாயி அடுப்படிக்குள் போனாள். கால் வழுக்கியது. தரையெல்லாம் மண்ணெண்ணெய்.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. சங்கிலி விழுந்தது.

கதவில் கம்பி வைத்த சின்ன சன்னல். அதற்கு அந்தப் பக்கம் மலைச்சாமியின் முகம்.

மருதாயி சன்னலுக்கு நேராக வந்து நின்றாள். பேசினாள். பேசியே ஆக வேண்டும்.

"உக்கிரபாண்டி அண்ணனையும் நீங்கதானே?"

"பொன்னு ஒளறிட்டான்னு தெரியும்."

"எப்படிச் செஞ்சீக? சாகப் போறவ. சொல்லிட்டுத்தான் செய்யுங்களேன்."

மலைச்சாமி சொன்னான். நிதானமாக, ரசித்துச் சொன்னான். வழியில் தன் ஜீப்பை நிறுத்தி, ஸ்டெப்னி கழற்ற உதவி கேட்டு உக்கிரபாண்டியை இறக்கியது... குனிந்தவனை இரும்புத் தடியால் அடித்தது... அவன் ஜீப்பிலேயே தூக்கி உட்கார வைத்தது... லைட்டைப் போட்டுத் தள்ளியது... தடியைக் கொட்டகுடி ஆற்றில் எந்தப் பாறையடியில் போட்டான் என்பது வரை.

சொல்லி முடித்து, சன்னல் கம்பியில் முகத்தை ஒட்டினான்.

"ஊர்ல உள்ள அத்தனை கதைக்கும் அபிப்பிராயம் சொல்லுவியே மருதாயி. என் கதை எப்படி?"

அவன் கண்ணில் உண்மையாகவே ஆசை இருந்தது. இருபது படி ஏலக்காய்க்கு நடுவே உட்கார்ந்து ஊரையே தலையாட்ட வைத்தவள், ஒரு தடவையாவது தன்னைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டாளா என்கிற ஆசை.

மருதாயி அவனை நேராகப் பார்த்தாள்.

"நல்லாயில்ல. சொன்னதை அப்படியே காப்பியடிச்சிருக்கீக. நான் சொன்னது ஐப்பசியில. நீங்க செஞ்சது மாசியில. மஞ்சு இருக்கான்னு ஆகாசத்தை அண்ணாந்து பாக்கக் கூடவா தெரியல?"

மலைச்சாமியின் முகம் கறுத்தது.

தீப்பெட்டியை எடுத்தான். குச்சியை உரசக் கை ஓங்கினான்.

அந்தக் கையை இன்னொரு கை பிடித்தது.

"போதும்டா," என்றார் ராக்கையா. மாயக்காள் வீட்டுச் சுவர் ஓரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முன்வாசல் வழியாக வந்திருந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள்.

சங்கிலியைக் கழற்றியதும் மருதாயி வெளியே வந்தாள். மண்ணெண்ணெயில் நனைந்த புடவையோடு நின்றாள். விலங்கு மாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு அந்த ஸ்டவ் கதையை நான் சொன்னப்ப... கொஞ்சமாச்சும் புடிச்சுக் கேட்டீகளா?"

மலைச்சாமி அவளைப் பார்க்காமல் போலீஸ்காரர்களோடு வாசலுக்கு நடந்தான்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

*

பொன்னுமணியைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். கேஸ் மதுரையில் நடந்தது. ஆற்றில் கிடைத்த தடியும், மாயக்காள் சாட்சியும் போதுமானதாக இருந்தன. இருவருக்கும் ஆயுள்.

மருதாயி பழையபடி கொட்டகைக்கு வந்தாள். வெகுநாள் பேசவே இல்லை. பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. பெண்களும் அவளிடம் எந்தப் படத்தைப் பற்றியும் கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே ஒரு புதுப் படத்தைத் திட்டத் தொடங்கினாள். கொட்டகையில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜெயிலிலிருந்து மலைச்சாமி ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். உள்ளே பொழுது நகரவில்லையாம். நாவல் ஏதாவது கொடுத்து விடச் சொன்னானாம்.

கொட்டகையே கொதித்தது. மருதாயி மட்டும் சரி என்றாள். வீட்டில் இருந்ததில் விறுவிறுப்பானவையாகப் பொறுக்கி எடுத்து வந்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தை மட்டும் பதவிசாகக் கிழித்தாள்.

கன்னையன் பதறினார். இப்படிக் கொடுத்தால் கொலைகாரன் யாரென்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

மருதாயி புத்தகக் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"உள்ள இருக்குறவுக பூராவும் அந்தச் சோலி தெரிஞ்சவுகதான மொதலாளி... கேட்டுத் தெரிஞ்சுக்கிறட்டும்."