மடிக்காத சட்டைக்கை

அன்று காலை பனி சமையலறை ஜன்னல்வரை வந்து நின்றது. கொல்லையில் எலுமிச்சை மரம் இல்லை. வேலி இல்லை. வேலிக்கு அப்பால் அடிவானம்வரை கிடக்கும் திராட்சைத் தோட்டமும் இல்லை. உலகத்தில் அந்த ஒரு வீடு மட்டும் மிச்சம் என்பதுபோல் இருந்தது.

உள்ளே அடுப்பு எரிந்தது. சிவப்பு மிளகாய்ச் சாற்றில் பன்றிக்கறி கொதித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. தமாலே கட்டும் நாள்; சோள மாவுக்குள் கறி வைத்து, மட்டையில் சுற்றி அவிப்பார்கள். தொட்டியில் சோள மட்டைகள் ஊறிக் கிடந்தன. மேசைமேல் பெரிய தவலையில் சோள மாவும் கொழுப்பும் தயாராக இருந்தன. மாவு பிசைவது எப்போதும் மருமகளின் வேலை. சட்டைக்கையை முழங்கைக்குமேல் மடித்துக்கொண்டு, கை புதைய, ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும்வரை பிசைய வேண்டும்.

எலோடியா தவலை முன்னால் நின்றாள். சட்டைக்கையை மடிக்கவில்லை.

"மாவுல கையை வை, இவளே," என்றாள் மாமியார் எர்மீனியா.

எர்மீனியா தன் மகள் நயேலியை 'மிஹா' என்று கூப்பிடுவாள். என் மகளே என்று. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் எலோடியா அவளுக்கு 'இவளே'தான்.

எலோடியா கரண்டியால் கிளறிவிடுகிறேன் என்றாள். குளிருகிறது என்றாள். பத்து மணிக்குக் கொஞ்சம் வெளியே போய் வர வேண்டும் என்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். எர்மீனியாவின் தங்கை சோலேவுக்கு மட்டும் கேட்டுவிட்டது.

"சனிக்கிழமையானா இவளுக்கு வெளியில வேலை வந்துடுது. போன வாரம் சோப்பு வாங்கப் போனா. அதுக்கு முந்தின வாரமும் சோப்பு. இந்த வீட்ல சோப்பைத் தின்னுறாங்களா என்ன?"

எர்மீனியா சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். மாவு ஒட்டிய விரல்களால் மருமகளின் வலது கையைப் பிடித்து, சட்டைக்கையை ஒரே இழுப்பில் மேலே தள்ளினாள்.

முழங்கை மடிப்பில் தோல் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது. நடுவில் ஒரு கருநீலம். அதற்கும் நடுவில் ஊசி நுழைந்த புள்ளி.

சோலே சிலுவை போட்டுக்கொண்டாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எலோடியாவின் அண்ணன் லாலோவை அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. ஆரஞ்சு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனவன். வலிக்கு மாத்திரை தின்றான். மாத்திரை போதாமல் ஊசிக்குப் போனான். ஒரு சாயங்காலம் பாசனக் கால்வாய் ஓரத்தில் அவனைப் பிணமாகக் கண்டெடுத்தவள் எலோடியா. ஊசி அப்போதும் அவன் கையில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டேன் என்று எர்மீனியா அன்று பட்டினி கிடந்தாள். ரிகோதான் பிடிவாதமாக நின்று இவளைக் கட்டிக்கொண்டான்.

அந்த ரிகோ கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கொடி வெட்டும் கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தவன். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மனைவியின் கையைப் பார்த்தான். கத்தரியை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

"எத்தனை நாளா இது?"

"நீ நினைக்கிற மாதிரி இல்ல ரிகோ. சாயங்காலம் எல்லாத்தையும் சொல்றேன். இப்ப நான் போயே ஆகணும்."

"எங்க?"

எலோடியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு பெயரைச் சொன்னால் போதும். நயேலி என்ற பெயர்.

மாதா கோயிலுக்குப் பின்னால், ஆரஞ்சுப் பெட்டி கட்டும் பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. சில வருஷங்களாக அதில் 'எல் சுர்கோ' என்ற அமைப்பு நடக்கிறது. தோட்ட வேலைக்காரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் காசு வாங்காமல் தொழில் சொல்லித் தருவார்கள். ஒரு மூலையில் ஆங்கிலம், இன்னொரு மூலையில் கம்ப்யூட்டர். கடைசி அறையில், ஆஸ்பத்திரிகளுக்காக ரத்தம் எடுக்கும் பயிற்சி. நயேலி கம்ப்யூட்டர் படிப்பதாகத்தான் எர்மீனியா நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் உட்கார்ந்தது கடைசி அறையில்.

அதை எர்மீனியாவிடம் சொல்ல முடியாது. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் நரம்பு கிடைக்காமல் ஆள் மாற்றி ஆள் குத்தினார்கள். இரண்டு கையும் கத்தரிக்காய் நிறமாகிப் போயிற்று. சவப்பெட்டியில் வைக்கும்போது அவள்தான் அந்தச் சட்டைக்கைகளை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். என் வீட்டில் யாரும் ஊசியைத் தொடக் கூடாது என்று அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ரப்பர் கையில் குத்திப் பழகியபின், உயிருள்ள கையில் பழக வேண்டும். அந்தக் கையை மாணவியேதான் கூட்டி வர வேண்டும். மற்றப் பெண்களுக்கு மாமன், மச்சான், சித்தி என்று வாசலில் வரிசை நிற்கும். நயேலிக்கு யாரைக் கூப்பிட முடியும்? ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எலோடியா கதவைத் தட்டினாள். நான் வருகிறேன் என்றாள். சான்றிதழ் வரும்வரை வாய் திறக்க மாட்டேன் என்று, கேட்காமலே, அண்ணன்மேல் ஆணையிட்டாள்.

ஊசியைக் கண்டால் வாசல்வரை ஓடுகிறவள் அவள். மகள் சிட்லாலிக்குத் தடுப்பூசி போடும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இன்று கடைசி நாள். பத்து மணிக்கு நயேலி டீச்சர் முன்னால் ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். எலோடியா போகாவிட்டால் சான்றிதழ் இல்லை. ஊர் கிளினிக்கில் சொல்லிவைத்த வேலையும் இல்லை. மறுபடி வெயிலில் ஏணிதான்.

"உன் அண்ணன் ரத்தம்தானே உனக்குள்ளயும் ஓடுது," என்றான் ரிகோ. அவன் குரல் உடைந்திருந்தது. "வாசலைத் தாண்டினா திரும்பி வராத. சிட்லாலி இங்கதான் இருப்பா."

சிட்லாலி மேசைக்கடியில் உட்கார்ந்து, ஒரு துண்டு மாவில் ஆமை செய்துகொண்டிருந்தாள். எலோடியா குனிந்து அவள் உச்சியில் முத்தமிட்டாள். தலை முழுக்கச் சோள வாசனை. கோட்டை எடுத்தாள். சட்டைக்கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம் சொல்றேன்னுதானே சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான்.

வெளியே பனி அவளை வாங்கிக்கொண்டது.

இருபதடியில் வீடு மறைந்துபோயிற்று. பாதையின் வெள்ளைக் கோடு மட்டும் காலடியில் பிறந்து காலடியிலேயே முடிந்தது. அழுகிறோமா, முகத்தில் பனி படிகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. பெயரில்லாத ஏதோ ஒன்றுக்குள் நடந்துகொண்டே இருப்பதுபோல் இருந்தது. இப்படியே நடந்தால் பிறந்த ஊரின் சோளக் காட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. பின்னால் எங்கோ ஒரு வண்டி ஊர்ந்து வரும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நகர்ந்தது. அதையும் கனவு என்றே எடுத்துக்கொண்டாள்.

கொட்டகைக்குள் இன்னும் ஆரஞ்சு வாசனை போகவில்லை. மரத்தில் ஊறிய வாசனை. வாசலில் உறவுக் கூட்டம் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இனிப்பு ரொட்டி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. பேத்திக்காக வந்திருந்த தொன் செமா என்ற கிழவர், தன் ரத்தத்தில் பாதி மிளகாய்தான், மெஷின் எரிந்துபோனால் தான் பொறுப்பில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நயேலி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வர மாட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

"உன் கை ஏன் நடுங்குது? குத்து வாங்கப்போறவ நானு."

டீச்சர் பெர்லா வலது கையைப் பார்த்துவிட்டு, அது ஆறட்டும் என்றாள். இடது கையில் எலோடியாவுக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் ஓடுகிறது. விரலால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரப்பர் பட்டை இறுகியது. எலோடியா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் எப்போதும்போல் கால்வாய் வந்தது. முதல் சனிக்கிழமை லாலோ அதன் கரையில், அவள் கண்டெடுத்த கோலத்திலேயே கிடந்தான். அவள் கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த வாரம் கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைஞனாகிக்கொண்டே வந்தான். இன்று அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஆரஞ்சு பூத்திருந்தது. பூக்கள் தண்ணீரில் விழுந்து மிதந்து போயின. கையில் ஊசி இல்லை. ஒரு பழம் இருந்தது. அதை அவளிடம் தூக்கிப் போட்டான். பிறகு மரங்களுக்கிடையே, பனிக்குள், அவசரமில்லாமல் நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது வருத்தமாகவும் இல்லை.

"வந்துடுச்சு அண்ணி," என்ற குரல் எங்கிருந்தோ கேட்டது.

கண்ணைத் திறந்தாள். சின்னக் குழாயில் ரத்தம் அமைதியாக ஏறிக்கொண்டிருந்தது. வலித்த நினைவே இல்லை.

வாசலில் எர்மீனியா நின்றிருந்தாள்.

கோட்டுகூடப் போடாமல் வந்திருந்தாள். விரல்களில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. பின்னால் ரிகோ, தொப்பியைக் கையில் பிடித்தபடி. கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ.

நயேலி பார்த்தாள். ஆனால் கையை அசைக்கவில்லை. பட்டையைத் தளர்த்தினாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். எல்லாம் முடிந்தபிறகுதான் அவள் உதடு துடித்தது.

"அம்மா... அண்ணியை ஒண்ணும் சொல்லாதே. நாந்தான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அப்பா கையைப் பார்த்துத்தாம்மா நான் இதுக்கு வந்தேன். பதமா குத்தத் தெரிஞ்ச ஒருத்தி அன்னிக்கு இருந்திருந்தா..."



எர்மீனியா நேராக எலோடியாவிடம் வந்தாள். பஞ்சு வைத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு மறு கையின் கன்றிப்போன இடத்தை, தொடாமல், வெகுநேரம் பார்த்தாள். அவள் பார்த்தது தன் புருஷனின் கையை என்று எலோடியாவுக்குத் தெரியும்.

"இப்ப வலிச்சுதா?"

"இல்ல அத்தே. இன்னிக்குத் தெரியவே இல்ல."

"பொய் சொல்றியா?"

"மொத வாரம் உயிர் போச்சு. இன்னிக்கு நிஜமாவே இல்ல."

எர்மீனியா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புருஷனுக்காக அழாமல் வைத்திருந்ததும் அதில் இருந்தது. நயேலி அவள் காலடியில் முழங்காலிட்டுக் கட்டிக்கொண்டாள். வரிசையில் இருந்த தொன் செமா, யாரும் கேட்காமலே, தன் ரொட்டிப் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ரிகோ கோட்டை எடுத்து மனைவிக்குப் போட்டுவிட வந்தான். அவள் விலகி, தானே போட்டுக்கொண்டாள்.

"ஏன் இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல ரிகோ. அண்ணன் ரத்தம்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுது."

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுவும் என் மக கண்ணு முன்னாடி. அதை நான் மறக்க நாளாகும். வண்டியை எடு. அவ என்னைத் தேடிட்டிருப்பா."

நயேலி தேறியதாக டீச்சர் பெர்லா தாளில் கையெழுத்திட்டாள். கிளம்பும்போது வழக்கம்போல எலோடியாவைக் கேட்டாள். ஜனவரியில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது, பெயர் கொடுக்கிறாயா? எலோடியா வழக்கம்போலச் சிரித்தாள். தனக்கு இங்கே பிறந்த வீடு என்று யாருமில்லை, வரிசையில் நிற்க ஆளில்லாதவள் சேர்ந்து என்ன செய்ய, என்றாள். எர்மீனியா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வண்டி பனிக்குள் ஊர்ந்தது. எர்மீனியா விரல்களில் காய்ந்த மாவை உதிர்த்துக்கொண்டே வந்தாள்.

சமையலறையில் சோலே மட்டைகளைத் துடைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிட்லாலி ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். ஆமை செத்துவிட்டது, கால் உடைந்துவிட்டது என்றாள். எலோடியா அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் தவலையை இழுத்தாள்.

"விடு," என்றாள் எர்மீனியா.

அடுப்போரம் இருந்த தன் நாற்காலியில் மருமகளைக் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அந்த நாற்காலியில் அவள் புருஷனுக்குப்பின் அவள் மட்டும்தான் உட்கார்வாள். குனிந்து, எலோடியாவின் சட்டைக்கையை மடித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, அதற்குமேல் இன்னொன்று. கன்றிப்போன இடம் எல்லோருக்கும் தெரியும்படி வெளியே வந்தது.

"நல்லாப் பாத்துக்கோ சோலே," என்றாள். "என் பொண்ணோட சான்றிதழ் இது."

சோலே தலையைக் குனிந்துகொண்டாள். இனி சோப்பு வாங்கத் தானே போவதாக முணுமுணுத்தாள். சிட்லாலிதான் முதலில் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

பிறகு எர்மீனியா தன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, தவலையில் கையைப் புதைத்தாள். அந்த வீட்டுக்கு மருமகள் வந்தபின் அவள் மாவு பிசைவது இதுதான் முதல் தடவை. கொஞ்சநேரம் மூச்சு வாங்கப் பிசைந்தாள். சட்டென்று நிறுத்தி, மாவு வழியும் கையை எலோடியாவின் மடிக்குமேல் நீட்டினாள்.

"பாரு, மிஹா. ஜனவரிக்கு இது போதுமா? வயசான கை. நரம்பு இருக்கான்னு தெரியல."

எலோடியா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொஞ்சம் இளகி, எலுமிச்சை மரத்தின் ஓர் ஓரம் மஞ்சளாகத் தெரிந்தது. நயேலி செய்வதுபோல இரண்டு விரலை முழங்கை மடிப்பில் வைத்தாள். அழுத்தினாள். சுருங்கிய தோலுக்கடியில், ஆழத்தில், ஏதோ ஒன்று மெத்தென்று எதிர்த்து எழும்பியது.

"இருக்கு அத்தே," என்றாள்.