கொசுறாக வந்த விமானம்

கீர்த்திக்கு எழுபது லட்சம் என்று ஆரம்பித்தார்கள். புஷ்பவள்ளி ஒன்றேகால் கோடிக்கு முடித்தாள்.

மதுரையில் ஏசி போட்ட ஓட்டல் அறை. விமானக் கம்பெனி அனுப்பிய வக்கீல்களுக்கு எதிரே உட்கார்ந்து, பெற்ற மகளுக்கு விலை பேசினாள். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்து முப்பது வருஷம் வாயால் பிழைத்தவள் அவள். எதிராளி ஒரு தொகை சொன்னதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்திருப்பது அவள் காலுக்கே பழகிப்போன வித்தை. எழுந்தாள், ஏற்றினார்கள். மறுபடி எழுந்தாள். கையெழுத்துப் போடுகிற நேரத்தில், காய்க்காரியிடம் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி, "அந்த விமானத்தையும் கொசுறாக் குடுத்துருங்க" என்றாள்.

வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழட்டு விமானம், கூரை கிழிந்தது, ஏர்போர்ட் ஓரத்தில் வாடகை ஏறிக்கொண்டு கிடந்தது. அதை அள்ளிப்போடுவதே கம்பெனிக்குச் செலவு என்பதால் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். எஞ்சினையும் இறக்கையையும் மட்டும் கழற்றிக்கொண்டார்கள். காசு அதில்தான் என்று அவளுக்கும் தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது உடம்பு. மகளின் உடம்பு அரபிக்கடலில் எங்கோ விழுந்து, கிடைக்காமலே போய்விட்டது.

கோட்டையூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கருவேலங்காட்டு ஓரம் அவளுக்கு ஒரு மனை இருந்தது. நீள லாரியில் வந்த விமானத்தைக் கட்டைகளின்மேல் உட்கார வைத்தார்கள். ஓட்டல் வைக்கப் போகிறாள், உள்ளே உட்கார்ந்து பரோட்டா தின்ன இருநூறு ரூபாய் வாங்குவாள் என்று ஊர் பேசியது. அவள் மறுக்கவில்லை. ஊர் போடுகிற கணக்கைத் திருத்துவது வியாபாரிக்கு அழகில்லை. முதல் வேலையாகக் கூரைக் கிழிசலின்மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடி, கயிறுகளை உள்ளே விட்டு, இருக்கைக் கால்களில் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள். மகள் கடைசியாக இருந்த இடம் என்பதால் அங்கே மழை படக்கூடாது என்று நினைத்தாள்.

அந்தத் தார்ப்பாய்தான் முதலில் சரியில்லாமல் இருந்தது.

கருவேல இலைகூட அசையாத பங்குனி மாதப் புழுக்கத்தில், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகடு சுருங்கி டிக் டிக்கென்று முனகத் தொடங்கும் பொழுதடைகிற வேளையில், தார்ப்பாய் மெதுவாக மேலே உப்பி, தூங்குகிறவனின் வயிறு மாதிரி ஒரு கணம் நின்று, மெதுவாக உள்ளே அமுங்கும். காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் காற்று அங்கே இல்லை.

விமானம் மூச்சு விடும் என்று அவளுக்குச் சொன்னதே கீர்த்திதான். வளைகுடாவில் அந்தச் சின்னக் கம்பெனியில் விமானங்களைப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. "மேல ஏறுறப்ப உள்ள காத்தடைச்சு ஒடம்பு உப்பும்மா, எறங்குனாச் சுருங்கும். இருபது வருஷம் உப்பிச் சுருங்குனா ரிவெட் ஓட்டை ஓரத்துல மயிர் மாதிரி விரிசல் விழும். ஒரு ஓட்டையில இருந்து பக்கத்து ஓட்டைக்கு ஓடும்." விரிசலைக் காட்ட மெஷின் உண்டு. தகடுகள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்று பார்க்கக் காசால் தட்டிக் காது கொடுப்பதும் உண்டு. "கோர்ஸ்ல இதுக்கு ஒரு வாரம் எடுத்தாக. நான் நம்ம கடையிலயே படிச்சுட்டேன்னு சொன்னேன்."

படித்தது உண்மைதான். பர்மா ஜாடி, பீங்கான் தட்டு என்று எது விலைக்கு வந்தாலும் புஷ்பவள்ளி பழைய கனத்த ஒரு ரூபாய்க் காசால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பாள். சத்தம் செத்திருந்தால் விலையைக் குறைப்பாள். மூன்றாவது தட்டு, எடுத்துக்கொண்டேன் என்பதற்கு. மகள் வேலைக்குப் புறப்பட்டபோது அதே மாதிரி இன்னொரு காசை அவள் கையில் வைத்து அனுப்பியிருந்தாள்.

"வித்துரு புஷ்பா," என்றார் புருஷன் மருதுபாண்டி, நேற்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே. விமானம் வந்த நாளிலிருந்து அவர் அந்த மனைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "அதைக் கட்டிக்கிட்டு அழுது என்ன செய்யப்போற? புள்ளையா வந்து ஏறப்போகுது?"

அவருக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். இன்று சாயங்காலம் பழைய இரும்பு வாங்குகிற பெத்தன் மதிப்புப் போட வந்திருந்தான். விலை படிந்தால் விடியக் காலையில் கேஸ் கட்டருடன் ஆள் வரும்.

"அலுமினியம் என்னடா போகுது?" என்றாள்.

"ஒங்களுக்குத் தெரியாத வெலையாக்கா. என் வாயைப் புடுங்கத்தான கேக்கீக."

"ஒன் வாயைப் புடுங்குனாலும் பத்து ரூவா கொறைச்சுத்தான்டா வரும்."

பெத்தன் சிரித்துக்கொண்டே ஸ்பேனரால் தகட்டைத் தட்டிக்கொண்டு நடந்தான். ணங். ணங். கிழிசலுக்குக் கீழே வந்ததும் பொத்தென்றது. "இங்குட்டு மட்டும் சத்தம் செத்துக் கெடக்கு," என்றான்.

டொக். டொக்.

அவன் கை நின்றது. "உள்ள ஆளு வச்சிருக்கீகளாக்கா?"

"நான் யாரைடா வைக்கப்போறேன். வெயில் எறங்குதுல்ல. தகடு சுருங்கும்."

அவன் ஸ்பேனரைத் தூக்கி மறுபடி இரண்டு தட்டுத் தட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தூரத்தில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு, பொறுமையாக, காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிற மாதிரி:

டொக். டொக்.

பெத்தன் ஸ்பேனரைத் துண்டில் சுற்றினான். "வேணாங்க்கா."

"வெலையைச் சொல்லிட்டுப் போடா."

"வெலையில்லக்கா. சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம். நீங்களும் வீட்டுக்குப் போயிருங்க."

அவன் வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். சும்மா கொடுப்பதை ஒருவன் வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததில்லை. அவள் வாழ்நாளில் சும்மா கிடைத்த எதையும் விட்டதில்லை. விடாததால்தான்.

போன வருஷம் திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்துக்கு விளக்குப் போட மகளை வரச் சொல்லியிருந்தாள். புறப்படுகிற அன்று போன் வந்தது. "அம்மா, நான் வேற விமானத்துல டிக்கெட் போட்டு வர்றேனே. இதுக்கு வயசாயிருச்சு. ரிவெட் வரிசைக்கிட்ட தட்டிப் பாத்தேன், சத்தம் சரியில்ல. எழுதிக் குடுத்தேன். இந்த ஒரு ட்ரிப் போயிட்டு வரட்டுங்கிறாக."

"கம்பெனியில சும்மா குடுக்குற டிக்கெட்டை விட்டுப்புட்டு இருபதாயிரத்தைக் கடல்ல போடுவியாடி," என்றாள் புஷ்பவள்ளி. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் ரசிக்கட்டும் என்று இன்னும் ஒன்று சேர்த்துக்கொண்டாள். "சத்தம் சரியில்லேன்னா வெலையைக் கொறைக்கணும். ஒனக்கு டிக்கெட்டே சும்மா. இதுக்கு மேல என்னத்தைடி கொறைக்கிறது?"

கீர்த்தி சிரித்துவிட்டாள். அம்மாவின் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க அவளால் ஒருபோதும் முடிந்ததில்லை. சிரித்துக்கொண்டே போய் ஏறினாள்.

கடலின்மேல் பறக்கும்போது கூரை பிய்ந்து அவளை வெளியே இழுத்துக்கொண்டது. விமானம் கிழிந்த கூரையோடு மதுரையில் இறங்கியது. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் விசாரணையில் சொன்னது இவ்வளவுதான். அந்தப் பெண் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். தலைக்கு மேலே காசால் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புஷ்பவள்ளி ஏணியில் ஏறி உள்ளே போனாள்.

பழைய ஸ்பஞ்சு, பினாயில், சூடேறிய பிளாஸ்டிக் வாடை. முட்டை வடிவ ஜன்னல்கள் வழியாகக் கடைசிச் சிவப்பு வெளிச்சம் இருக்கைகளின்மேல் வரிசையாகக் கிடந்தது. அவள் முந்தானை முடிச்சிலிருந்து காசை எடுத்துச் சுவரில் தட்டினாள். ணங். நாலு இருக்கை தள்ளி மறுபடி. ணங். நடக்க நடக்கத் தகடு காலுக்குக் கீழே டிக் டிக்கென்றது. நீலத் தார்ப்பாய் தலைக்கு மேலே வந்தது. தட்டினாள்.

பொத்.

டொக். டொக்.

உள்ளே யாரும் இல்லை. இருக்கைகள் காலி. கழிப்பறைக் கதவு திறந்தே கிடந்தது.

சத்தம் உள்ளே இருந்து வரவில்லை.

ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். வெளியே கருவேலம். புழுதி. ஆள் இல்லை. டொக். டொக். ஜன்னலுக்கு மேலே. டொக். டொக். இன்னும் மேலே. தார்ப்பாய்க்குப் பக்கத்தில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விமானம் வந்த இந்த மூன்று மாதமாக மகள் உள்ளே இருக்கிறாள் என்று காவல் காத்தாள். மகள் உள்ளே இல்லை. வெளியே போனவள் அவள். வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே விடாமல் பாயைப் போட்டுக் கட்டியது யார்?

முடிச்சுகளில் விழுந்தாள். தன் கை போட்ட முடிச்சு, சுலபத்தில் அவிழாது. நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்தாள். ஒரு கயிறு விட்டது. இன்னொன்று. தார்ப்பாய் உப்பியது. நின்றது. உள்ளே அமுங்கவில்லை. ஒரேயடியாக வெளியே பறந்து போனது.

காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

குளிர். பங்குனி மாதத்தில் பல் கிட்டுகிற குளிர். கிழிசலுக்கு அப்பால் கோட்டையூர் வானம் இல்லை. பொழுதும் இல்லை. வெள்ளை. அடியில்லாத வெள்ளை.

கிழிந்த தகட்டு விளிம்பில் நாலு விரல்.

வெளியே இருந்து பிடித்திருந்தன. ஒரு வருஷமாகப் பிடித்திருந்த விரல்கள். வெளுத்து, வீங்கி, தகடு பதிந்த இடத்தில் எலும்புவரை அறுந்து. புஷ்பவள்ளி இருக்கையில் ஏறி நின்று அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பனிக்கட்டி. இழுத்தாள். வரவில்லை.

"வந்துரு தாயி," என்றாள். தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வளையல்களைக் கழற்றி அந்தக் கையில் திணித்தாள். வழுக்கி வெள்ளைக்குள் போயின. சங்கிலியை அறுத்துக் கொடுத்தாள். அதுவும் போயிற்று. விழுந்த சத்தமே இல்லை. ஒன்றேகால் கோடியையும் தருகிறேன் என்றாள். கை அசையவில்லை.

பிறகு அசைந்தது. அவள் பிடியிலேயே மெதுவாகத் திரும்பியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், உப்புப் பூத்த, கனத்த ஒரு ரூபாய்க் காசு. அது அவள் நெஞ்செலும்பை எட்டித் தொட்டது.

டொக். டொக்.

சத்தம் செத்திருந்தது. அவளுக்கே கேட்டது. உள்ளே ஒட்டு விட்டுப்போன சத்தம். முப்பது வருஷத்தில் அவள் காது தப்பியதில்லை.

கிழிசலின் ஓரத்திலிருந்து டிக்கென்று ஒன்று கிளம்பியது. ஒரு ரிவெட்டிலிருந்து அடுத்த ரிவெட்டுக்கு. சுவரில் இறங்கி, தரையில் ஓடி, அவள் நின்ற இருக்கையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவள் கையை விடவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. எழுந்து போகிற பாவனை காட்டவில்லை. வெளுத்த விரல்கள் காசை உயர்த்திப் பிடித்தபடி அவள் நெஞ்சின் முன்னே நின்றன, காது கொடுத்து.

வரவு, ஒன்றேகால் கோடி. கொசுறு, ஒரு விமானம். கொடுத்தது, ஒரு பிள்ளை.

மூன்றாவது தட்டு மட்டும் பாக்கி.